தானாக மடங்கும் சைடு ஸ்டாண்டு: ஸ்பிரிங்கை இடம் மாற்றிப் பார்த்தேன்

என் வண்டியில் இருந்தது தானாக மடங்கும் வகை சைடு ஸ்டாண்டு. காலால் தள்ளி இறக்கி, அப்படியே காலால் பிடித்துக்கொண்டு, வண்டியைச் சாய்த்து எடையை அதன் மேல் ஏற்ற வேண்டும். எடை இருக்கும்வரைதான் அது நிற்கும். வண்டியைக் கொஞ்சம் நிமிர்த்தினால் போதும், படக்கென்று மேலே போய்விடும். திரும்பச் சாய்க்கும்போது அங்கே ஸ்டாண்டு இருக்காது. பின்னால் பெட்டி கட்டும்போதும் சரி, கவர் போடும்போதும் சரி, ஒரு கை வண்டியைப் பிடித்தே இருக்க வேண்டும். இறக்கினால் இறங்கிய இடத்திலேயே நிற்கும்படி இதை மாற்றுவதுதான் திட்டம். இப்போது வேலை முடிந்து வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. செய்தது அத்தனையும் கீழே இருக்கிறது.

இந்த ஸ்டாண்டைத் திட்டுவதற்கு முன் அதன் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். ஸ்டாண்டை எடுக்க மறந்து கிளம்பி, இடப்பக்கம் ஒரு வளைவில் சாய்ந்தால், அந்த இரும்புக் கால் சாலையில் முட்டும். மடங்காமல் முட்டினால் வண்டியின் எடை டயரிலிருந்து ஸ்டாண்டுக்கு மாறி, ஆளைத் தூக்கி எறியும். வண்டியை நிமிர்த்தியதுமே ஸ்டாண்டு தானாக மேலே போய்விட்டால் மறப்பதற்கு இடமே இல்லை. பழைய பிஎம்டபிள்யூ பாக்ஸர் வண்டிகளிலும், டுகாட்டி 916 வரிசையிலும் இந்த வகையைப் பார்க்கலாம். 1993-ல் வந்த ஐரோப்பிய 93/31 உத்தரவு இரண்டு வழிகளை ஏற்றுக்கொண்டது: ஸ்டாண்டு தானாக மடங்க வேண்டும், அல்லது ஸ்டாண்டு இறங்கியிருக்கும்போது இன்ஜினால் வண்டியை நகர்த்த முடியாதபடி இருக்க வேண்டும். இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் இரண்டாவது வழிதான்.

ஆக, ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தினால் ஒரு பாதுகாப்பைக் கழற்றி எறிந்ததாகத்தான் அர்த்தம். இரண்டாவது வழியையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்தேன். வேலையின் வரிசையும் அப்படித்தான்: முதலில் இன்ஜினை அணைக்கும் ஸ்டாண்டு சுவிட்ச், அதைச் சோதித்து முடித்த பிறகே ஸ்பிரிங்.

ஆனால் சூட்சுமம் ஸ்பிரிங்கில்தான் இருக்கிறது, அதனால் அதை முதலில் விளக்கிவிடுகிறேன். ஸ்டாண்டின் கால் ஒரு பிவட் போல்ட்டில் சுழல்கிறது. ஸ்பிரிங்கின் ஒரு முனை காலில் உள்ள ஆணியில், மறுமுனை பிராக்கெட்டில் உள்ள ஆணியில். ஸ்பிரிங் எப்போதும் இரண்டு ஆணிகளுக்கும் இடையே நேர்கோட்டில்தான் இழுக்கும். அந்தக் கோடு பிவட் போல்ட்டுக்குப் பின்பக்கமாகப் போனால் கால் பின்னோக்கி மேலே போகும். முன்பக்கமாகப் போனால் கால் முன்னோக்கிப் போய் ஸ்டாப்பரில் உட்காரும். கோடு சரியாகப் போல்ட்டின் மையத்தின் மேலேயே விழும் இடத்தில் எந்தப் பக்கமும் இழுப்பு இல்லை. ஸ்பிரிங் மிக நீளமாக இழுபட்டிருப்பதும் அங்கேதான். சாதாரண ஸ்டாண்டு இந்த மையத்தைத் தாண்டி இறங்குகிறது, வீட்டு லைட் சுவிட்ச் பாதியைத் தாண்டியதும் டக்கென்று மறுபக்கம் விழுகிற மாதிரி. தானாக மடங்கும் ஸ்டாண்டு மையத்தைத் தாண்டுவதே இல்லை. முழுதாக இறங்கிய நிலையிலும் ஸ்பிரிங் போல்ட்டுக்குப் பின்னால்தான் நிற்கும். இரண்டு வகைக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

என் வண்டியில் அளந்து பார்த்தேன். காலில் உள்ள ஆணி பிவட்டிலிருந்து 100 மி.மீ. தூரத்தில் இருந்தது. பிராக்கெட் ஆணி 30 மி.மீ. தூரத்தில், நேர் மேலிருந்து 30 டிகிரி பின்பக்கம் சாய்ந்து இருந்தது. கால் இறங்கும்போது நேர் கீழிருந்து 20 டிகிரி முன்னால் போய் நிற்கிறது. மையத்தைத் தொட இன்னும் 10 டிகிரி போக வேண்டும். இறங்கிய நிலையில் ஸ்பிரிங் கோடு போல்ட் மையத்துக்கு வெறும் 4 மி.மீ. பின்னால்! இந்த நாலு மில்லிமீட்டர்தான் வண்டியைக் கீழே போட வைக்கிறது.

காலை இன்னும் 10 டிகிரிக்கு மேல் முன்னால் போக விட்டால் மையம் தாண்டுமே என்று தோன்றும். ஸ்டாப்பரை ராவினால் அது நடக்கும். ஆனால் கால் முன்னால் போகப் போக வண்டி இன்னும் அதிகமாகச் சாயும், ஸ்டாப்பரின் உலோகமும் குறையும். மொத்த எடையையும் தாங்குவது அந்தச் சின்ன முகம்தான். அதைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. நகர்த்த வேண்டியது பிராக்கெட் ஆணியை.

எங்கே நகர்த்துவது என்பதை அட்டையில் பார்த்தேன். கெட்டி அட்டையில் அளவு மாறாமல் பிராக்கெட்டை வரைந்து, காலைத் தனியாக வெட்டி, பிவட் இடத்தில் ஒரு குண்டூசி. ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒரு நூல்: ஒரு முனையைக் காலில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு, காலை மேலும் கீழும் சுழற்றினேன். நூல் குண்டூசியைத் தாண்டும் அந்தக் கணம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். பழைய இடத்தில் நூல் ஊசியின் பின்பக்கத்திலேயே நின்றது. நூலின் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவர, காலின் பாதையில் பாதிக்கும் கீழே ஒரு இடத்தில் நூல் ஊசியைத் தாண்டி முன்பக்கம் விழுந்தது. நேர் மேலிருந்து 15 டிகிரி முன்னால் வைத்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. இறங்கிய நிலையில் கோடு பிவட்டுக்கு 14 மி.மீ. முன்னால் போகிறது. ஸ்டாண்டை மேலே தூக்கும்போது முதல் 35 டிகிரி வரை அது காலைக் கீழே இழுக்கும், அதன் பிறகு மேலே இழுக்கும். முழுதாக மடங்கிய நிலையில் கோடு பிவட்டிலிருந்து 27 மி.மீ. தள்ளி இருக்கிறது, அதனால் மேடு பள்ளத்தில் கால் தொங்கிவிடும் என்ற பயம் இல்லை.

இதில் இன்னொரு நல்ல விஷயம். ஸ்பிரிங் எவ்வளவு நீளும் என்பதன் உச்சம், இரண்டு ஆணிகளும் பிவட்டிலிருந்து இருக்கும் தூரங்களின் கூட்டல்: 100-உம் 30-உம், ஆக 130 மி.மீ. புதிய ஆணியையும் அதே 30 மி.மீ. வட்டத்தில் வைத்துவிட்டால் அந்த உச்சம் மாறாது. பழைய ஸ்பிரிங் இறங்கிய நிலையில் ஏறக்குறைய அந்த நீளத்தைத்தான் தொட்டுக்கொண்டிருந்தது. அதனால் வேறு ஸ்பிரிங் தேட வேண்டியதில்லை. வட்டத்தை விட்டு வெளியே வைத்தால் ஸ்பிரிங் தாங்குமா என்று கணக்குப் போட வேண்டி வரும்.

சரி, சுவிட்ச். என் வண்டி கார்புரேட்டர் வகை, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலுக்கு 12 வோல்ட் கில் சுவிட்ச் (ஹேண்டிலில் இன்ஜினை அணைக்கும் சுவிட்ச்) வழியாகப் போகிறது. அந்தப் பாதையில் ஒரு ரிலேயின் (சுருளில் மின்சாரம் பாய்ந்தால் மூடும் சுவிட்ச்) தொடுமுனையைச் சேர்த்தேன். ரிலே சுருளுக்கு எர்த் கிடைக்க இரண்டு வழிகள்: ஸ்டாண்டு மடங்கியிருந்தால் ஸ்டாண்டு சுவிட்ச் வழியாக, அல்லது கியர் நியூட்ரலில் இருந்தால் நியூட்ரல் சுவிட்ச் வழியாக. நியூட்ரல் பக்கம் போகும் வயரில் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஒரு 1என்4007 டையோடு கட்டாயம். அது இல்லாவிட்டால் ஸ்டாண்டை மடக்கியதும் எந்த கியரில் இருந்தாலும் நியூட்ரலைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இன்னொரு டையோடு ரிலே சுருளின் குறுக்கே, மின்சாரம் துண்டிக்கும்போது வரும் உதைப்பிலிருந்து சுவிட்சைக் காப்பாற்ற. இப்போது நியூட்ரலில் ஸ்டாண்டு போட்டு இன்ஜினைச் சூடாக்கலாம். ஸ்டாண்டு இறங்கியிருக்க கியர் போட்டால் இன்ஜின் அணைந்துவிடும். ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) உள்ள வண்டிகளில் இப்படி நடுவே வெட்டிச் சேர்க்காதீர்கள். பல வண்டிகளின் வயரிங் படத்தில் ஸ்டாண்டு சுவிட்சுக்கென்றே ஒரு வழி இருக்கும், அதில் இணைப்பதுதான் முறை.

ஸ்டாண்டு சுவிட்சாக நான் எடுத்தது முழுதாக அடைக்கப்பட்ட ரீட் சுவிட்ச், காந்தம் அருகில் வந்தால் உள்ளே தொடர்பு சேரும் வகை. சேறும் தண்ணீரும் படும் இடத்தில் அசையும் பாகம் வெளியே இல்லாதது நல்லது. காந்தத்தை நேராக இரும்புக் காலில் ஒட்டினால் அதன் புலத்தைக் காலே உறிஞ்சிக்கொள்ளும்; அதனால் இடையில் ஒரு நைலான் கட்டை வைத்தேன். மடங்கிய நிலையில் காந்தம் சுவிட்சுக்கு 4 மி.மீ. அருகில் வந்து நிற்கிறது. கால் கொஞ்சம் இறங்கினாலும் தொடர்பு விட்டுப்போகும். காந்தம் விழுந்தாலோ வயர் அறுந்தாலோ இன்ஜின் கியரில் ஓடாது என்பது இந்த இணைப்பின் இயல்பு. ஓடும்போது வயர் அறுந்து இன்ஜின் நின்றால் அதுவும் ஆபத்துதானே என்றால், ஆமாம். அதனால்தான் வெறுமனே முறுக்கி டேப் சுற்றாமல் எல்லா இணைப்புகளையும் ஈயத்தால் பற்றவைத்து, சுருங்கு குழாய் போட்டு, பிராக்கெட்டோடு கட்டினேன். பழைய ஸ்பிரிங் அமைப்பிலேயே வண்டியை ஓட்டிப் பார்த்து, நடுவில் ஒரு தடங்கலும் இல்லை என்று உறுதியான பிறகுதான் அடுத்த வேலை.

புதிய ஆணிக்கு 6 மி.மீ. இரும்புப் பிளேட். பிராக்கெட்டில் ஏற்கெனவே இருந்த இரண்டு துளைகளில் 8.8 வலிமைத் தர எம்10 (10 மி.மீ.) போல்ட் போட்டு உட்கார வைத்தேன். சட்டத்தில் வெல்டிங் எதுவும் இல்லை, வேண்டாம் என்றால் பழையபடி கழற்றிவிடலாம். ஆணிக்கு 10 மி.மீ. கம்பி. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ஸ்பிரிங் இனி பிவட் போல்ட்டின் தலையைக் குறுக்கே தாண்டப் போகிறது. தலை 8 மி.மீ. துருத்திக்கொண்டிருந்தது. ஆணி குட்டையாக இருந்தால் ஸ்பிரிங் தலையில் மாட்டிக்கொள்ளும். அதற்கு மேல் 3 மி.மீ. இடைவெளி கிடைக்கும்படி ஆணியை நீளமாக வைத்தேன். நீளம் கூடினால் வளையும் என்பதால்தான் 10 மி.மீ. தடிமன். முனையில் ஸ்பிரிங் கொக்கி உட்கார ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தை அரத்தால் வெட்டி அப்படியே விட்டுவிடாமல், கூர்மையான விளிம்பு எதுவும் நகத்தில் தட்டுப்படாத அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்தேன். கொக்கி உடைவது பெரும்பாலும் அந்த விளிம்பு கீறிய இடத்திலிருந்துதான்.

ஸ்பிரிங்கைக் கழற்ற எனக்குப் பிடித்த முறை வாஷர். ஸ்டாண்டை இறக்கி, ஸ்பிரிங் இழுபட்டிருக்கும்போது சுருளின் ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு மெல்லிய வாஷரைச் சொருகிக்கொண்டே போக வேண்டும். பிறகு ஸ்டாண்டை மேலே தூக்கினால் ஸ்பிரிங் சுருங்க முடியாமல் நீளமாகவே நிற்கும், கொக்கி தளர்ந்து கையோடு வரும். மாட்டும்போதும் அதே நீளத்தில் மாட்டி, ஸ்டாண்டை இறக்கி வாஷர்களை உருவிக்கொள்ளலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இதைச் செய்யாதீர்கள், வாஷர் தெறிக்கும். வண்டி அந்த நேரம் பேடாக் ஸ்டாண்டில் (பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் தனி ஸ்டாண்டு) இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கொக்கியின் வளைவைச் சரிசெய்ய ஸ்பிரிங்கைச் சூடாக்குவது கூடவே கூடாது, அதன் பதம் போய்விடும். பழைய ஸ்பிரிங்குக்குள் ஒரு மெல்லிய ஸ்பிரிங்கும் சேர்த்தேன். ஒன்று ஓடும்போது உடைந்தாலும் மற்றது காலைத் தூக்கிப் பிடிக்கும்.

பிவட்டைக் கழற்றிய கையோடு பழைய கிரீஸைத் துடைத்து, புதிது வைத்து, போல்ட்டை இறுக்கி, கால் தடையில்லாமல் சுழல்கிறதா என்று பார்த்து, அப்புறம் பூட்டு நட்டை இறுக்கினேன். பிவட்டில் ஆட்டம் இருந்தால் வண்டி சாயும் கோணமே மாறும்.

சோதனைகளில் முக்கியமானது முன்னால் தள்ளிப் பார்ப்பது. ஸ்டாண்டு இறங்கியிருக்க, வண்டியைக் கிட்டத்தட்ட நிமிர்த்தி, மெதுவாக முன்னால் உருட்டினேன். ஸ்டாண்டின் பாதம் தரையில் உரசி, கால் பின்னால் போய், மையம் தாண்டியதும் தானாக மேலே ஏறியது. அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 123 என்ற வாகனப் பாதுகாப்பு விதியும் இதைத்தான் கேட்கிறது: முன்னால் போகும்போது தரையில் பட்டால் ஸ்டாண்டு பின்னோக்கி மேலே மடங்க வேண்டும். ஸ்பிரிங் கீழ்நோக்கி அளவுக்கு மீறி இழுத்தால் இது நடக்காது. ஆணியை 15 டிகிரிக்கு மேல் முன்னால் கொண்டுபோகாததற்கு இதுவும் ஒரு காரணம். அடுத்து நியூட்ரல், முதல் கியர், கிளட்ச் பிடித்து, விட்டு என்று எல்லாச் சேர்க்கையிலும் ஸ்டாண்டை இறக்கிப் பார்த்தேன். கியரில் இருந்தால் ஒவ்வொரு முறையும் இன்ஜின் அணைந்தது.

இப்போது வண்டியை நிமிர்த்தினாலும் ஸ்டாண்டு அசையாமல் நிற்கிறது. இரண்டு கையாலும் பெட்டி கட்ட முடிகிறது! சரிவில் நிறுத்தும்போது முதல் கியரில் விடுவதை மட்டும் மாற்றவில்லை. வண்டி முன்னால் உருண்டால் பெரும்பாலான ஸ்டாண்டுகள் மடங்கத்தான் செய்யும். செயின் எண்ணெய் போடும்போதெல்லாம் கொக்கியின் பள்ளத்தையும், காந்தத்தின் இடைவெளியையும், பிளேட் போல்ட் இரண்டையும் பார்த்துக்கொள்கிறேன். அடுத்து பாதத்துக்கு அகலமான ஒரு தட்டு போட வேண்டும். மென்மையான மண்ணில் அது இன்னும் புதைகிறது.