நான்கில் ஒருவர் குதிரைகளோடு: எட்டாவது இல்லினாய் குதிரைப்படை

அமெரிக்க உள்நாட்டுப் போரின் குதிரைப்படை என்றால் வாளை உருவிக்கொண்டு பாயும் காட்சிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். வடக்கு மாநிலங்களின் தரப்பில் நின்ற எட்டாவது இல்லினாய் ரெஜிமெண்டும் (படைப்பிரிவும்) அப்படிப் பாய்ந்திருக்கிறது. 1862 செப்டம்பர் 15 அன்று மேரிலாந்தின் பூன்ஸ்பரோ ஊருக்குள், பிரிந்துபோன தென் மாநிலத்தவரான தென்னவரின் குதிரைப்படையோடு வாளும் கைத்துப்பாக்கியுமாக மோதியது. ஆனால் நான்காண்டுப் பணியில் அத்தகைய நாட்கள் சொற்பம். எதிரி எங்கே வருகிறான் என்று கண்டு சொல்வதும், தன் காலாட்படை வந்து சேரும்வரை அவனை நிறுத்தி வைப்பதும்தான் அதன் அன்றாட வேலை. அந்த வேலையை அதைவிட நேர்த்தியாகச் செய்த படை வடக்கில் அதிகம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

1861 செப்டம்பர் 18 அன்று இல்லினாயின் செயின்ட் சார்ல்ஸ் நகரில் படை முறைப்படி சேவையில் சேர்ந்தது. பன்னிரண்டு கம்பெனிகள், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள். கர்னல் ஜான் ஃபார்ன்ஸ்வொர்த் அடிமை முறையைத் தீவிரமாக எதிர்த்த அரசியல்வாதி, லிங்கனுக்கு வேண்டியவர். அவருக்குப் பின் தலைமை ஏற்ற வில்லியம் கேம்பிள் அயர்லாந்தில் பிறந்து, போருக்கு முந்தைய அமெரிக்க ராணுவத்தில் குதிரைவீரராக இருந்து தொழில் கற்றவர். படைக்கு அந்த மாற்றம் நல்லதாகவே அமைந்தது.

அந்தத் தொழிலில் முதல் பாடம் தீனி. வடக்கின் கணக்குப்படி ஒரு குதிரைக்கு நாளுக்கு 14 பவுண்டு வைக்கோல், 12 பவுண்டு தானியம். ஆயிரம் குதிரைகளுக்கு அது 26,000 பவுண்டு. நல்ல சாலையில் ஆறு கோவேறு கழுதைகள் இழுக்கும் வண்டி ஒன்று சுமார் 2,500 பவுண்டு சுமக்கும். ஆக, ஒரே ரெஜிமெண்டின் ஒரு நாள் தீனிக்கே பத்து வண்டிக்கு மேல் தேவை. அந்தக் கழுதைகளின் தீனி வேறு! அதனால் படையெடுப்பின்போது வைக்கோலை விட்டுவிட்டுத் தானியத்தை மட்டும் ஏற்றினார்கள். மீதிக்கு வழியிலுள்ள மேய்ச்சலை நம்பினார்கள். மற்றொரு படை முன்பே கடந்துபோன பாதையென்றால் மேய்ச்சல் மிஞ்சியிருக்காது.

குதிரை மெலிந்தால் சேணம் பொருந்தாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. வடக்கின் குதிரைப்படை பயன்படுத்திய மெக்லெல்லன் சேணத்தின் நடுவில், முதுகெலும்புக்கு நேர் மேலே, நீளவாட்டில் ஓர் இடைவெளி உண்டு. சதைப்பிடிப்புள்ள முதுகில் அது காற்றோட்டம் தரும், எலும்பிலும் படாது. தீனியில்லாமல் மூன்று வாரம் நடந்து சதை வற்றிய குதிரையிலோ சேணக் கட்டை கீழே இறங்கி, தோள்முகட்டில் உரசத் தொடங்கும். வீரனும் அவன் சாமான்களும் சேர்ந்து நூறு கிலோவைத் தாண்டும். ஒரே நாளில் தோல் கிழியும், இரண்டாம் நாள் சீழ் வைக்கும். கம்பளியில் ஒரு மடிப்பு விழுந்தாலும், வீரன் களைப்பில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து தூங்கினாலும் இதே கதிதான்.

பழகிய படைகள் கம்பளியைச் சற்று முன்னால் வைத்துப் பின்னோக்கி இழுத்துப் போட்டன. அப்போதுதான் அடியிலுள்ள மயிர் படிந்து கிடக்கும். மணிக்கு ஒருமுறை இறங்கி, குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். தங்கியதும் வார்ப்பட்டையைத் தளர்த்துவார்களே தவிர, சேணத்தை உடனே எடுத்துவிட மாட்டார்கள். வியர்த்துச் சூடான முதுகில் சட்டென்று காற்றுப் பட்டால் கொப்புளம் எழும்.

1862 இலையுதிர் காலத்தில் கிழக்கில் போரிட்ட வடக்கின் முதன்மைப் படையான பொடோமாக் படையின் குதிரைகளை வாய்ப்புண்ணும் குளம்பு நோயும் வாட்டின. குதிரைகள் களைத்துவிட்டன என்று அதன் தளபதி மெக்லெல்லன் அனுப்பிய அறிக்கையைப் பார்த்து, செப்டம்பரில் நடந்த அன்டீட்டம் போருக்குப் பிறகு களைக்கும்படி அவை என்ன செய்தன என்று லிங்கன் தந்தியில் கேட்டார். லிங்கனின் எரிச்சல் புரிகிறது. ஆனால் காவல் வேலை குதிரையை எப்படித் தின்னும் என்பது அந்தக் கேள்வியில் இல்லை. முன்காவலில் நிற்கும் குதிரை நடக்காவிட்டாலும் சேணம் இறங்காது, தூங்காது, நேரத்துக்குத் தண்ணீர் கிடைக்காது. குதிரைகளை வாங்கி, தேற்றி, அனுப்புவதற்கென்றே ஒரு தனித் துறை 1863 ஜூலையில்தான் வந்தது.

அதற்குள் இந்த ரெஜிமெண்டின் பெயர் நிலைத்துவிட்ட காலை கடந்துபோயிருந்தது. 1863 ஜூன் 30 அன்று வடக்கின் குதிரைப்படை ஜெனரல் ஜான் புஃபர்ட் இரண்டு பிரிகேடுகளோடு (சில ரெஜிமெண்டுகள் சேர்ந்தது ஒரு பிரிகேடு) பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் நகருக்குள் வந்தார். அவற்றில் ஒன்று கேம்பிளுடையது. எட்டாவது இல்லினாயை அந்நாட்களில் மேஜர் ஜான் பெவெரிட்ஜ் நடத்தினார். பின்னாளில் இல்லினாயின் ஆளுநரானவர் இவர்தான். மேற்கே சேம்பர்ஸ்பர்க் சாலையில், நகருக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, லெப்டினன்ட் மார்செலஸ் ஜோன்ஸின் காவல் நிலை.

ஜூலை 1 காலை ஏழரை மணி வாக்கில், மார்ஷ் ஓடைப் பக்கமிருந்து தென்னவர் ஜெனரல் ஹெத்தின் காலாட்படை டிவிஷன் (பல பிரிகேடுகள் கொண்டது) சாலையில் வந்தது. ஜோன்ஸ் சார்ஜென்ட் லெவி ஷேஃபரின் கார்பைனை (குதிரைவீரரின் குட்டைத் துப்பாக்கியை) வாங்கி ஒரு குண்டு சுட்டார். தூரம் அதிகம். ஆளை வீழ்த்துவதற்கான குண்டும் அல்ல அது. வந்துகொண்டிருந்த படையை நிற்க வைக்கவும், பின்னாலிருக்கும் தம்மவரை எழுப்பவும் சுட்டது. கெட்டிஸ்பர்க் போரின் முதல் குண்டு தங்களுடையதே என்று ஒன்பதாவது நியூயார்க் குதிரைப்படையும் உரிமை கோரியது. 1886இல் ஜோன்ஸும் தோழர்களும் இல்லினாயிலிருந்து கல் கொண்டுவந்து அந்த இடத்தில் நட்டார்கள்.

அடுத்த இரண்டு மணி நேரத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். இறங்கிப் போரிடும் உத்தரவு வந்தால் வீரர்கள் நான்கு நான்காக எண்ணிக்கொள்வார்கள். முதல் மூவர் இறங்குவார்கள். கடிவாளத்தில் உள்ள இணைப்பு வாரால் குதிரைகளை ஒன்றோடொன்று கோத்து, நான்காமவனிடம் ஒப்படைத்துவிட்டு முன்னே ஓடுவார்கள். அவன் நான்கு குதிரைகளையும் மேட்டுக்குப் பின்னால் பள்ளத்துக்குக் கொண்டுபோவான். 400 பேர் வந்தால் வரிசையில் 300 துப்பாக்கிதான்.

நான்காமவனின் இடம் சரியாக அமையாவிட்டால் எல்லாம் கெடும். அதிகம் விலகிப் போனால் பின்வாங்குபவர்கள் குதிரையைத் தேடி அலைய வேண்டும். அதிகம் நெருங்கி நின்றால் பீரங்கிக் குண்டு ஒன்று போதும், மிரண்ட குதிரைகள் அறுத்துக்கொண்டு ஓடிவிடும்.

அன்று இவர்கள் கையில் ஏழு குண்டுகளைத் தொடர்ந்து சுடும் ஸ்பென்சர் துப்பாக்கி இருந்ததாகப் பலரும் எழுதுகிறார்கள். அது தவறு. ஜோன்ஸ் சுட்டது ஷார்ப்ஸ் கார்பைன். புஃபர்ட்டின் மற்றவர்களிடமும் பின்புறம் திறந்து ஒவ்வொரு தோட்டாவாகப் போடும் கார்பைன்களே இருந்தன. ஷார்ப்ஸில் பிடியை இறக்கினால் அடைப்புக் கட்டை கீழே போகும். துணியில் சுற்றிய தோட்டாவைச் செருகிப் பிடியை ஏற்றினால், கட்டையின் விளிம்பே தோட்டாவின் வாலை வெட்டி மருந்தைத் திறந்துவிடும். தொப்பி வெடியைப் பொருத்திச் சுட வேண்டியதுதான்.

நிமிடத்துக்கு எட்டுப் பத்து குண்டுகள் வரை போகும். காலாட்படையின் நீளத் துப்பாக்கியில் மூன்று. அதைவிட முக்கியமானது, படுத்தபடியே தோட்டா போடலாம் என்பது. எதிரில் இருப்பவன் எழுந்து நின்று குழாய் வாயில் கோலை இடிக்க வேண்டும். ஷார்ப்ஸின் குறை, மருந்துக் கரி படியப் படியக் கட்டை இறுகுவதும், இடுக்கில் புகை கசிவதும். தூரத்திலும் காலாட்படைத் துப்பாக்கிதான் மேல். ஆகவே நின்று வெல்ல முடியாது, இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதைத்தான் செய்தார்கள். வேலியோரம் விலகி விலகிப் படுத்துச் சுட்டார்கள். சாலையில் நீளவாட்டில் வந்த ஹெத்தின் படை நின்றது, முன்னோடிகளைப் பரப்பியது, தள்ளியது. இவர்கள் அடுத்த மேட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து மறுபடி சுட, மறுபடி நிறுத்தம். ஹெர் மேட்டில் ஆர்ச்சர், டேவிஸ் என்னும் இரண்டு பிரிகேடுகளையும் சாலையின் இருபுறமும் விரிக்க நேர்ந்தது. விரிவதுதான் நேரத்தைத் தின்பது. தென்னவரின் சொந்தக் குதிரைப்படை அதன் தளபதி ஸ்டூவர்ட்டோடு வெகுதொலைவில் இருந்ததால், எதிரே இருப்பது எவ்வளவு என்று ஹெத்துக்குச் சொல்ல ஆளில்லை. பத்து மணி வாக்கில் வடக்கின் ஜெனரல் ரெனால்ட்ஸ் வந்துவிட்டார். அவருடைய காலாட்படை மெக்பெர்சன் மேட்டில் இவர்களிடமிருந்து வரிசையை வாங்கிக்கொண்டது. எட்டாவது இல்லினாயின் இழப்பு: ஒருவர் மரணம், ஐவர் காயம், ஒருவர் காணவில்லை.

இதே ரெஜிமெண்டில் கேப்டனாக இருந்த ஈலன் ஃபார்ன்ஸ்வொர்த், முதல் கர்னலின் சகோதரர் மகன். ஜூன் 29 அன்று ஒரே தாவலில் பிரிகேடியர் ஜெனரல் ஆனார். ஜூலை 3 அன்று பிக் ரவுண்ட் டாப் அருகே, பாறைகளுக்கும் கல்வேலிகளுக்கும் பின்னாலிருந்த காலாட்படை மீது குதிரையில் பாயும்படி மேலதிகாரி உத்தரவிட்டார். அவர் எதிர்ப்புத் தெரிவித்துவிட்டுப் பாய்ந்தார், இறந்தார். பலன் ஏதுமில்லை. அவருடைய பழைய தோழர்கள் இரண்டு நாள் முன்பு செய்ததை இதன் அருகில் வைத்துப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

1864 ஜூலையில் அதே வேலை மீண்டும் வந்தது. தென்னவர் ஜெனரல் ஜூபல் எர்லி வாஷிங்டனை நோக்கி இறங்கினார். லெப்டினன்ட் கர்னல் டேவிட் கிளெண்டெனின் இந்த ரெஜிமெண்டின் ஒரு பிரிவோடு ஃப்ரெடெரிக் நகருக்கு மேற்கே மலைப்பாதையில் எதிரியைத் தேடிக் கண்டு, சுட்டுச் சுட்டுப் பின்வாங்கினார். ஜூலை 9 அன்று மொனோகசி ஆற்றங்கரைப் போரில் வடக்கின் ஜெனரல் லூ வாலஸ் தோற்றார். ஆனால் எர்லிக்கு ஒரு நாள் போனது. அவர் வாஷிங்டனைக் காத்த ஸ்டீவன்ஸ் கோட்டை முன் வந்தபோது வடக்கின் ஆறாவது கோர் (பல டிவிஷன்கள் கொண்ட படை) கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

1865 ஏப்ரலில் லிங்கனைக் கொன்ற பூத்தைத் தேடுவதிலும் இந்தப் படையினர் ஈடுபட்டார்கள். ஜூலை 17 அன்று ரெஜிமெண்ட் கலைந்தது. நான்காண்டுகளில் 75 பேர் போரில் இறந்தனர், 175 பேர் நோயில்.