பட்டியலில் பெயர் ஏறுவதற்குப் பிறந்திருந்தால் போதும்

சுவீடனின் தென்கோடியில் ஸ்கோனே என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே போலீஸ் ரகசியமாக ஒரு பட்டியல் வைத்திருந்தது, அதை 2013 செப்டம்பரில் ஒரு நாளிதழ் வெளியே கொண்டுவந்தது. 4,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், யாருக்கு யார் பிள்ளை, யார் எந்த வீட்டில் பெண் எடுத்தார்கள் என்று வம்சாவளி மாதிரி வரைந்து வைத்திருக்கிறார்கள். இரண்டு வயதுக் குழந்தைகள்கூட அதில் உண்டு. செத்துப்போனவர்களும் உண்டு. ஒரு வழக்கிலும் சிக்காதவர்கள் ஏராளம். அவர்களைச் சேர்த்துக் கட்டிய கயிறு ஒன்றுதான்: நாம் ஜிப்சி என்று சொல்லிப் பழகிய ரோமா இனத்தில் பிறந்தது, அல்லது அந்தக் குடும்பத்தில் சம்பந்தம் செய்தது.

கொடைக்கானலில் ஏரிப் பக்கம் தைலமும் சாக்லேட்டும் விற்கிற எனக்கு சுவீடன் போலீஸ் பற்றி என்ன கவலை என்று கேட்பீர்கள். எங்கள் பகுதிக் கடைக்காரர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. சீசன் தொடங்கும்போதெல்லாம் அதில் ஒரு செய்தி வரும். "குறவர் கும்பல் மலை ஏறிடுச்சு, உஷார், பார்த்தா விரட்டுங்க." இந்த வருடம் கூடவே போட்டோக்களும் வந்தன. ஊசி, பாசிமணி விற்கிற பெண்கள், இடுப்பில் குழந்தை, அவர்களுக்கே தெரியாமல் எடுத்த படம். என்ன திருடினார்கள், எந்தக் கடையில், எப்போது என்று ஒரு வரி கிடையாது. நான் கேட்டேன். "முன்னெச்சரிக்கைதான் சார்" என்று பதில் வந்தது.

அந்தப் படத்தில் இருந்த ஒரு அக்காவை எனக்குப் பல வருடமாகத் தெரியும். மழை வந்தால் எங்கள் கடைத் தாழ்வாரத்தில்தான் மூட்டையோடு ஒதுங்குவார். விஷயத்தைச் சொன்னதும் அவர் ஒன்றும் அதிர்ச்சியடையவில்லை. "பொருள் காணோம்னா மொதல்ல எங்க பையத்தான் சாமி கொட்டுறாங்க. அப்புறம் பொருள் கெடச்சிருச்சுன்னா ஒருத்தரும் வந்து சொல்றதில்ல" என்றார்.

அந்த ரோமா மக்களின் முன்னோர் இந்தியாவிலிருந்துதான் போனார்கள், ஆயிரம் வருடத்துக்கு முன்பே. அவர்கள் மொழியும் மரபணு ஆய்வுகளும் அதைத்தான் சொல்கின்றன. இதைப் படிக்கிற நம்மவர்களுக்கு ஒரு பெருமை வருகிறது, "ஐரோப்பாவில் நம்ம ரத்தம்" என்று பகிர்கிறார்கள். எனக்கு அந்தப் பெருமையில் பங்கெடுக்க மனம் வரவில்லை. நம் ரத்தம் என்று அங்கே ஒரு கோடிப் பேரைச் சொந்தம் கொண்டாடுகிறவர்கள், இங்கே பேருந்து நிலையத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நரிக்குறவர் குடும்பத்தைப் பார்த்ததும் பையை மடியில் இழுத்து வைத்துக்கொள்கிறார்கள். (சுவீடன் போலீஸாவது பட்டியலை ஒளித்து வைத்திருந்தது.)

இந்தப் பட்டியல் வழக்கம் நேற்று வந்ததும் இல்லை. 1899-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரப் போலீஸ் ரோமாக்களுக்கென்றே தனி அலுவலகம் திறந்தது, 1905-இல் 3,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரத்தைப் புத்தகமாகவே அச்சடித்து மற்ற ஊர்ப் போலீசுக்கு அனுப்பியது. பிரான்ஸில் 1912-இல் ஒரு சட்டம்: நாடோடிகள் என்று அரசு வகைப்படுத்தியவர்கள் கைரேகையும் உடல் அளவுகளும் பதிந்த ஒரு புத்தகத்தைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும், ஊருக்குள் வரும்போதும் போகும்போதும் காட்டி முத்திரை வாங்க வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்கள் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், "இது நம்ம ரேகைச் சட்டம்ல" என்பார்கள். ஆமாம், அதேதான். 1871-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தது 1911-இல், பிரான்ஸுக்கு ஒரு வருடம் முன்பு. குறவர், பிரமலைக் கள்ளர் என்று சாதி சாதியாகப் பதிந்து, ராத்திரி ஸ்டேஷனில் படுக்க வைத்தார்கள். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி சுட்டே கொன்றார்கள்.

ஜெர்மனியில் அந்தப் பட்டியல்கள் எங்கே கொண்டுபோய் விட்டன என்று தெரிந்தால்தான் நான் ஏன் ஒரு வாட்ஸப் போட்டோவுக்கு இவ்வளவு கோபப்படுகிறேன் என்பது புரியும். நாஜிகள் வந்தபோது ரோமாக்களைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை, கோப்புகள் தயாராக இருந்தன. 1944 ஆகஸ்ட் 2 இரவு ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் மட்டும் 4,000-க்கும் மேற்பட்டவர்களை விஷவாயுவில் கொன்றார்கள், அதில் மிச்சமிருந்த பெண்களும் குழந்தைகளும் வயதானவர்களும்தான் அதிகம். போர் முடிந்த பிறகாவது நீதி கிடைத்ததா? 1956-இல் மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், 1943-க்கு முன்பு அவர்களுக்கு நடந்தது இனவெறி இல்லை, குற்றத் தடுப்பு என்று தீர்ப்பு எழுதி நஷ்டஈட்டைத் தட்டிக் கழித்தது. மியூனிக் இருக்கிற பவேரியா மாநிலத்தின் போலீஸ் பழைய கோப்புகளை 1970 வரை பயன்படுத்தியது. அதற்கு எதிராக 1980-இல் நாஜிகளின் தாஹாவ் வதைமுகாம் இருந்த இடத்திலேயே சிந்தி மக்கள் (ரோமாக்களில் ஜெர்மனியில் வாழும் ஒரு பிரிவினர்) உண்ணாவிரதம் இருந்தார்கள், முகாமில் கிடந்து உயிர் தப்பியவர்களும் அதில் உட்கார்ந்தார்கள். அந்தக் கோப்புகளுக்குக் கணக்குச் சொல்லுங்கள் என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. இனப்படுகொலை என்று அரசு ஒப்புக்கொண்டது 1982-இல்.

சுவீடன் வழக்கு இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அரசு முதலில் ஆளுக்கு 5,000 குரோனா தருகிறோம் என்றது. பட்டியலில் இருந்த 11 பேர், பணம் இருக்கட்டும், இனத்தைப் பார்த்துத்தான் எழுதினீர்கள் என்பதைச் சொல்லுங்கள் என்று ஒரு மனித உரிமை அமைப்பின் துணையோடு நீதிமன்றம் போனார்கள். 2016-இல் ஸ்டாக்ஹோம் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. இனம்தான் காரணம் என்று தீர்ப்பிலேயே எழுதி, ஆளுக்கு 30,000 குரோனா தரச் சொன்னது. மேல்முறையீட்டிலும் அரசு தோற்றது.

இங்கே என்ன செய்யலாம்? நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்து 2023 ஜனவரியில் அறிவிப்பு வந்துவிட்டது. அதனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இப்போது அவர்களுக்கும் பொருந்தும், நாலு பேர் பார்க்கச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் அது குற்றம். பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அந்த அக்காவுக்கு இதில் ஒன்றுகூட யாரும் சொன்னதில்லை. எண்ணை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவர் மகன் போனிலும் பதிந்துகொண்டான்.

குழுவில் அந்தப் படங்களை நீக்கச் சொல்லி எழுதினேன். இரண்டு பேர் ஆதரித்தார்கள், சிலர் திட்டினார்கள், அட்மின் இன்னும் நீக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சங்கக் கூட்டத்தில் தீர்மானமாகவே வைக்கப் போகிறேன். திருட்டு நடந்தால் நடந்ததைச் சொல்லிப் புகார் கொடுப்போம், சாதிப் பெயரில் எச்சரிக்கை போடுவதும் படம் எடுத்துப் பரப்புவதும் இனி கிடையாது, யார் பையையும் கடைக்காரர்கள் சோதிக்கக் கூடாது. மூஞ்சிக்கல், நாயுடுபுரம் பக்கம் கடை வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் கூட்டத்துக்கு வாருங்கள், கையெழுத்துப் போட ஆள் வேண்டும்.