18060ஆம் எழுத்து

ஜூன் 4, 2025

மரபணு வரிசைகளைச் சேமித்துவைக்கும் ஜென்பேங்க் தரவுத்தளத்திலிருந்து வூஹானின் முதல் கொரோனா மரபணு வரிசையை இறக்கினேன். 29,903 எழுத்துகள், ஒவ்வொன்றும் ஏ, சி, ஜி, டி என்ற நான்கில் ஒன்று. ‘ஏ டி டி ஏ ஏ ஏ ஜி ஜி’ என்று ஆரம்பித்து, கடைசியில் வெறும் ‘ஏ’ மட்டுமே வரிசையாக 33. ஆர்என்ஏ வைரஸ்தான், ஆனாலும் ‘யூ’ வரவேண்டிய இடத்தில் ‘டி’ போட்டு எழுதுவதே வழக்கம். சீன விஞ்ஞானி சாங் யோங்சென் குழு படித்தெடுத்தது. 2020 ஜனவரி 11 அன்று ஆஸ்திரேலியாவிலிருந்த வைரஸ் ஆய்வாளர் எட்வர்ட் ஹோம்ஸ் அதைப் பொதுவில் வைத்தார்.

ஜூன் 7

இன்று முழுக்க அமெரிக்காவின் முதல் கொரோனா நோயாளி. வூஹானிலிருந்து வாஷிங்டன் மாகாணத்துக்குத் திரும்பியவர், ஜனவரி 19 அன்று கிளினிக்குக்கு வந்தார். அவருடைய வைரஸை வூஹான் வரிசையோடு பொருத்திப் பார்த்தேன். மாறியிருந்தவை மூன்றே எழுத்துகள்: 8782, 18060, 28144ஆம் இடங்களில். நம்ப முடியாமல் மறுபடியும் ஓட்டினேன். அதே மூன்று.

அதே மாகாணத்தின் சியாட்டில் நகரில் நடந்த ஃப்ளூ ஆய்வில் ஹெலன் சூ குழுவினர் தேடிக்கொண்டிருந்தது ஃப்ளூ காய்ச்சலை. பிப்ரவரி 24 அன்று ஒரு பதின்வயதுப் பிள்ளையிடம் எடுத்த மூக்குச் சளியில் கொரோனா இருந்தது. அந்த வைரஸிலும் 18060இல் ‘சி’ போய் ‘டி’. சீன வரிசைகளில் இந்த மாற்றம் அரிது. முதல் நோயாளியிடமிருந்துதான் ஆறு வாரமாக யாருக்கும் தெரியாமல் பரவி வந்திருக்கிறது என்று வைரஸ் வரிசைகளை ஆராயும் டிரெவர் பெட்ஃபோர்ட் பிப்ரவரி 29 அன்று எழுதினார். கையிலிருந்த தரவுக்கு அது நியாயமான ஊகம் என்றே எனக்குப் படுகிறது.

ஜூன் 8

நேரமில்லை. ஒரே குறிப்பு: இந்த வைரஸில் மாதத்துக்குச் சுமார் இரண்டு எழுத்துகள் மாறும். அதனால் வரிசையே ஒரு நாள்காட்டி மாதிரி.

ஜூன் 11

பரிணாம உயிரியலாளர் மைக்கேல் வோரோபே குழுவின் 2020 செப்டம்பர் கட்டுரையைப் படித்து முடித்தேன். சியாட்டில் பரவலின் வைரஸ்களில் 17747, 17858 என்ற இரண்டு இடங்களும் கூடுதலாக மாறியிருக்கின்றன. முதல் நோயாளிதான் மூலம் என்றால், அவருடைய வைரஸ் அப்படியே உள்ளவர்களோ, ஓர் எழுத்து மட்டும் கூடுதலாக மாறியவர்களோ அந்தப் பரவலில் தென்பட்டிருக்க வேண்டும். கணினியில் ஓட்டிய மாதிரிப் பரவல்கள் அப்படித்தான் காட்டின. நிஜத்தில் அப்படி யாரும் இல்லை. ஆக, அவருடைய வைரஸும் சியாட்டில் வைரஸும் பங்காளிகள். தகப்பன் பிள்ளை இல்லை. வேறொருவர் மூலம் வைரஸ் தனியாக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியென்றால், முதல் நோயாளியைத் தனிமைப்படுத்தி, அவரோடு பழகியவர்களைத் தேடிக் கண்காணித்த ஊழியர்களின் உழைப்பு வீணாகவில்லை. இதைப் படித்தபோது மனசு நிறைந்துபோனது.

நாளை பக்கத்திலிருக்கும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வரிசைகளை இறக்க வேண்டும். அந்த இரண்டு இடங்களையும் நானே பார்க்கணும்.