ஒரு மரப் பட்டியலுக்காக ஐந்து மாதம்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணக் கடற்கரையோர நகரம் ஒன்றில், கோயிலுக்கும் கிளினிக்குக்கும் நடுவே செல்லும் சாலையை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. அந்தச் சாலையை அகலப்படுத்தும் வேலை கடந்த ஆண்டு டிசம்பரில் முடிந்தது. தார் நன்றாகப் போட்டிருக்கிறார்கள். வடிகாலும் சரியாக அமைந்திருக்கிறது. எங்களைப் புண்படுத்தியது சாலையோரந்தான். அங்கே வரிசையாக நின்ற சிரிங்கா மரங்களை ஒன்றுவிடாமல் வெட்டிவிட்டு, அந்த மண்மேல் கருப்புத் துணியை விரித்து, துணிமேல் வெள்ளைக் கூழாங்கல்லைக் கொட்டி, இரண்டு முழத்துக்கு ஒன்றாகக் கற்றாழையை நட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த மரங்கள் தாமாக முளைத்தவை அல்ல. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டுக் குழுப் பகுதிகள் சட்டத்தின்கீழ் எங்கள் மக்கள் பழைய இடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே குடியமர்த்தப்பட்டபோது, இது மரமே இல்லாத மேடாக இருந்தது என்று எங்கள் ஆயா சொல்லுவார். முதலில் வந்தவர்கள் நட்டு, வீட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தவை அவை. வேப்பமரம் எளிதில் கிடைக்காத இந்த மண்ணில், அம்மை கண்ட வீட்டு வாசலில் ஆயா செருகியது சிரிங்கா இலையைத்தான். தமிழில் மலைவேம்பு என்று சொல்வது இந்த மரத்தையே.

இந்த ஆண்டுத் தைப்பூசத்தன்று காவடி அந்த வழியாக வந்தது. முன்பெல்லாம் கிளினிக் எதிரே நிழலில் காவடியை இறக்கி வைத்துவிட்டு ஐந்து நிமிடம் மூச்சு வாங்குவார்கள். இம்முறை நிற்க இடமில்லை. வெறுங்காலுடன் வருபவர்களுக்காகப் பெண்கள் வாளி வாளியாகத் தாரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே முன்னால் ஓடினார்கள்; ஊற்றிய நீர் நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்தது. ஓரத்துக் கூழாங்கல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டேன். இதை இப்படியே விடக்கூடாது என்று அன்றைக்குத்தான் முடிவுசெய்தேன்.

பிப்ரவரி வார்டுக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். இரண்டு பதில்கள் கிடைத்தன. சிரிங்கா ஊடுருவும் அயல் மரம், சட்டப்படி அகற்றியே தீரவேண்டும் என்பது முதல் பதில். ஊடுருவும் அயல் உயிரினங்களுக்கான விதிகளின் பட்டியலில் அந்த மரம் இருப்பது உண்மை. ஆனால் நகர்ப்புறத்தில் அது மூன்றாம் வகையைச் சேர்ந்தது. அந்த வகை மரங்களைப் புதிதாக நடவோ விற்கவோ கூடாதே தவிர, ஏற்கெனவே நிற்பதை வெட்டியே ஆகவேண்டும் என்பதில்லை. மரம் போனபின் அதை வாதாடிப் பயனில்லை என்பதால் விட்டுவிட்டேன். வேறு மரம் வைக்கத் திட்டத்திலேயே இடமில்லை என்பது இரண்டாவது பதில். அந்தத் திட்டத்தைக் காட்டுங்கள் என்றேன். அது பொதுமக்களுக்குரியதல்ல என்று சொல்லிவிட்டார்கள். அங்கிருந்துதான் அலைச்சல் தொடங்கியது.

நம் அரசியலமைப்பின் 32ஆம் பிரிவு தரும் தகவல் உரிமையை நடைமுறைப்படுத்த 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட, பாயா என்று சுருக்கமாக அழைக்கப்படும் சட்டத்தைப் பற்றி உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். விண்ணப்பத்தை நான் சாலைத் துறையின் முகப்பில் கேட்டதுதான் முதல் தவறு. நகராட்சியைப் பொறுத்தவரை சட்டப்படி தகவல் அலுவலர் நகராட்சி மேலாளர். அவர் பெயருக்கே விண்ணப்பம் போகவேண்டும். முகப்பில் இருந்த எழுத்தர் அதைச் சொல்லவில்லை. ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார், நிரப்பிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து அது திரும்பி வந்தது: நான் நிரப்பியது பழைய ‘ஏ’ படிவமாம், 2021இல் விதிகள் மாறியபின் இரண்டாம் எண் படிவத்தில்தான் கேட்க வேண்டுமாம். அவர்களே கொடுத்த படிவம் அது என்று சொன்னேன். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஆகவே முகப்பில் தரும் தாளை நம்பாமல், தகவல் ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்திலிருந்து படிவத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை தெருக்காரர்கள் அனைவரின் சார்பாகவும் கேட்பதாக எழுதினேன். பிறர் சார்பாகக் கேட்டால் அதற்கான அதிகாரக் கடிதம் இணைக்கவேண்டும் என்று மீண்டும் திருப்பிவிட்டார்கள். அது படிவத்திலேயே இருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. உங்கள் சொந்தப் பெயரிலேயே கேளுங்கள், தனியொருவர் கேட்டாலே போதும். அடையாள அட்டை நகலில் காவல் நிலையத்தில் சான்று முத்திரை வாங்கியதும், நூறு ராண்ட் கட்டணம் செலுத்தியதும் ஒரே காலையில் முடிந்தன.

இந்தத் தாமதத்தால் ஒரு நன்மையும் விளைந்தது. ‘சாலைத் திட்டம் தொடர்பான எல்லா ஆவணங்களும்’ என்று நான் எழுதியிருந்ததை எதிர்வீட்டு அண்ணன் பார்த்தார். வரைபட அலுவலகம் ஒன்றில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். “இப்படிக் கேட்டால் ஒன்றும் தரமாட்டார்கள், தங்கச்சி. நடவு வரைபடம், செடிப் பட்டியல், அவற்றை மாற்றச் சொல்லிப் பிறப்பித்த தள ஆணை, இந்த மூன்றை மட்டும் பெயர் சொல்லிக் கேளுங்கள்” என்றார். மூன்றாவதை அவர் சொல்லியிராவிட்டால் எனக்குத் தோன்றியே இருக்காது.

ஏப்ரல் இறுதியில் விண்ணப்பத்தைக் கொடுத்தபோது, என் கைப்பிரதியில் தேதி முத்திரை குத்தித் தரும்படி கேட்டேன். தேவையில்லை என்றார்கள். நான் நகரவில்லை. குத்திய முத்திரையில் தேதி மங்கலாக விழுந்திருந்தது, இன்னொரு முறை குத்தச் சொன்னேன். முப்பது நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்பது சட்டம். முத்திரையில் தேதி தெளிவாக இல்லாவிட்டால் அந்த முப்பது நாளை எங்கிருந்து எண்ணுவது?

முப்பது நாள் கழிந்தது, ஒரு வரிகூட வரவில்லை. பெரும்பாலோர் மனம் தளர்ந்து விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். ஆனால் இந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி மௌனமும் மறுப்பாகவே கொள்ளப்படும். மறுப்பு என்று ஆகிவிட்டால் அறுபது நாளுக்குள் நான்காம் எண் படிவத்தில் உள்மேல்முறையீடு செய்யலாம். நான் ஜூன் முதல் வாரத்திலேயே செய்தேன். முத்திரை விழுந்த பிரதியின் நகலை முதல் பக்கமாக வைத்தேன். ஜூலையில் உறை வந்தது.

பதினான்கு தாள்கள் இருந்தன. நான்காவது தாளில் செடிப் பட்டியல். முதல் வரியே மரந்தான்: நட்டால் மஹோகனி, நூறு லிட்டர் பையில் வளர்த்த கன்று, எண்ணிக்கை 22. இந்த மண்ணுக்கே உரிய, ஆண்டு முழுவதும் இலையோடு நின்று அடர்ந்த நிழல் தரும் மரம். அயல் மரம் என்று அதைப் பற்றி யாரும் சொல்ல முடியாது. கடைசித் தாளில் தள ஆணை இருந்தது: பராமரிப்புக் காலத்தில் நீர் ஊற்றும் செலவைத் தவிர்க்க மரங்களுக்குப் பதிலாகக் கல்லும் கற்றாழையும் இடலாம். இவ்வளவுதான். இடமில்லை என்று எங்களிடம் சொன்னது உண்மையல்ல என்பதற்கு அந்த ஒற்றை வாக்கியமே சாட்சி. சமையலறை மேசையில் அதை வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதேன்.

அந்த இரண்டு தாள்களையும் நாற்பது நகல் எடுத்து அடுத்த வார்டுக் கூட்டத்தில் எல்லார் கையிலும் கொடுத்தேன். நான் நீண்ட பேச்சு எதுவும் பேசத் தேவைப்படவில்லை. அடுத்த வாரமே பொறியாளர் ஒருவர் எங்களோடு சாலை முழுவதும் நடந்து வந்தார். அவர் நியாயமாகவே நடந்துகொண்டார் என்பதைச் சொல்லவேண்டும்: அகலப்படுத்தும்போது தண்ணீர்க் குழாய் நகர்த்தப்பட்ட பகுதியையும், சந்திப்பில் மரம் வைத்தால் வண்டியோட்டிக்குப் பார்வை மறையும் இடங்களையும் காட்டினார். ஒன்பது இடங்களை நாங்கள் விட்டுக்கொடுத்தோம். மீதிப் பதின்மூன்றுக்கு ஒப்புக்கொண்டார்.

இன்னொன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் பராமரிப்புக் காலம் பன்னிரண்டு மாதம், அதாவது இந்த டிசம்பர் வரை. அதற்குள் பட்டுப்போகும் கன்றை ஒப்பந்தக்காரரே மாற்றித் தரவேண்டும். அந்த நாள் தாண்டிவிட்டால் புதிதாக நிதி ஒதுக்கக் கேட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும். சாலைவேலை முடிந்த தேதியை எங்காவது குறித்து வையுங்கள்.

அக்டோபரில் பதின்மூன்று கன்றுகளும் வந்து இறங்கின. கற்களை ஒதுக்கி, கருப்புத் துணியை வட்டமாக அறுத்துக் குழி தோண்டினார்கள்; அடியில் மண் கட்டியாய் இறுகிக் கிடந்தது. காவடி இறக்கி வைக்கும் இடத்தில் இரண்டு கன்றுகளை அடுத்தடுத்து வைக்கச் செய்தோம். வீட்டுக்கு ஒரு மரம் என்று தண்ணீர் ஊற்றுகிறோம். பேருந்து நிறுத்தத்தின் அருகே உள்ள கன்றின் இலைகள் மட்டும் ஓரத்தில் பழுப்பேறி வருகின்றன. அதைப் படம் எடுத்து, மாற்றித் தரும்படி கடிதம் எழுதி, நேற்றுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் பிரதியில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டேன். தேதி தெளிவாகவே விழுந்திருக்கிறது.