தொழில்: இல்லத்தரசி

"சமூக சேவையை விட்டுட்டு போட்டோ பிடிக்கப் போயிட்டியாமே" என்று நேற்றும் ஒரு நண்பன் கேட்டான். விட்டது சம்பளத்தைத்தான். பதினொரு வருடம் பாம்பன், மண்டபம் பக்கம் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பினேன். கண்ணாடி மாட்டி, விரலெல்லாம் துணி சுற்றி, மூச்சடக்கிக் கடலில் முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் பிய்த்துக்கொண்டு வரும் அக்காமார் எல்லாரும் என் படிவத்தில் 'தொழில்: இல்லத்தரசி' என்றுதான் இருந்தார்கள். எழுதியது நானேதான்.

அப்புறம் ஒரு பழைய கேமரா வாங்கினேன். முதலில் எடுத்ததெல்லாம் சூரிய உதயம், வள்ளம், 1964 புயல் மிச்சம் வைத்த தனுஷ்கோடி தேவாலயம் (அதை எடுக்காத கேமரா இந்தப் பக்கம் உண்டா?). பாம்பன் பக்கம் சின்னப்பாலம் என்ற ஊரில் ஒரு அக்கா அதையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கு தம்பி, கைய எடு" என்றார். எடுத்தேன். துணியைப் பிரித்தால் ஊறி வெளுத்த விரல்கள், பாறை கிழித்த கோடுகள்.

படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதப்போய்தான் எழுத்து வந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவானதால் தாத்தா காலத்துத் தீவுக்கரை இன்று தடைப்பகுதி, பாசியில் இருந்து எடுக்கிற அகர் என்ற கூழ்ப்பொருள் யாரோ தின்னும் ஜெல்லிக்குள் போகிறது, இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

வாரக் கடைசியில் பிரிண்ட் கொடுக்கப் போகிறேன். அந்த அக்காவுக்குக் கைப் படம் வேண்டாமாம். பட்டுச்சேலை கட்டி நிற்கிறாராம், அதை எடுக்கணுமாம்.