புதுப் பாய்க்கு முன் பழைய மாஸ்ட்டைப் பாருங்கள்

இத்தாலியில் கார்டா ஏரியின் வட கரையில் உள்ள டோர்போலேயில், பிற்பகலில் தெற்கிலிருந்து எழும் ஓரா காற்றில் விண்ட்சர்ஃபிங் (பலகையில் நின்று, காற்றுப்பாயைப் பிடித்து நீரில் சறுக்கும் விளையாட்டு) செய்வதற்காக வைத்திருந்த என் 6.0 சதுர மீட்டர் பாயை இந்தப் பருவத்தில் மாற்றப்போகிறேன். அதன் மோனோஃபிலிம் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் படலம் வெயிலில் மஞ்சளித்து, மாஸ்ட்டை, அதாவது பாயைத் தாங்கும் கம்பத்தை, நுழைக்கும் உறையை ஒட்டிய இடத்தில் மயிரிழை போன்ற விரிசல்கள் ஓடத் தொடங்கிவிட்டன. ஒட்டுப் போட்டு ஓட்டும் நிலையை அது தாண்டிவிட்டது.

பாய் வாங்கும்போது பலரும் சதுர மீட்டரைத்தான் முதலில் கேட்கிறார்கள். மாஸ்ட் வளையும் விதமே அதைவிட முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. ஒரே 430 செ.மீ. நீளமும் ஒரே விறைப்பும் கொண்ட இரண்டு மாஸ்ட்களில் ஒன்று நுனிப்பக்கம் அதிகமாக வளையும், மற்றொன்று அடி முதல் நுனி வரை சீராக வளையும். எந்த வளைவுக்காகப் பாய் தைக்கப்பட்டதோ அதற்கு மாறான மாஸ்ட்டில் ஏற்றினால், கீழே எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் மேல்பகுதி சரியாகத் தளராமல், பலத்த காற்று அடிக்கும்போது உபரி விசை முழுவதையும் கைகளே தாங்க வேண்டியதாகிவிடும். விலை மலிவு என்று பொருந்தாத பாயை வாங்குவதில் லாபமே இல்லை.

கேம்பர் (பாயின் வளைவை நிலைநிறுத்த மாஸ்ட்டோடு பொருந்தும் துண்டு) வைத்த பாய் வேகத்துக்கு நல்லதுதான். ஆனால் தண்ணீரில் விழுந்த பின் அதைத் தூக்குவது பெரும்பாடு. ஆகவே கேம்பர் இல்லாத, நூல்வலை பதித்த ஃபிலிமில் தைத்த 5.7 பாயையே தேர்ந்தெடுத்திருக்கிறேன். என்னிடமுள்ள 430 மாஸ்ட்டும், கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பியான பூமும் அதற்கு அப்படியே பொருந்துகின்றன.