கோடியக்கரை மணலில் கூடு வைக்கும் உப்புக்கொத்தி

கோடியக்கரைக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு வந்து, மாசி முடிவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். பூநாரைகளும், சைபீரியாவிலிருந்து வரும் உள்ளான்களும், மணல் உப்புக்கொத்திகளும் சதுப்பு முழுவதும் நிறைந்திருக்கும் காலம் அது என்பதால் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் கூட்டமெல்லாம் வடக்கே போன பிறகு, சித்திரை வெயிலில் காற்று உப்பையும் மணலையும் வாரி முகத்தில் இறைக்கும் நாட்களில், இந்தக் கரையை விட்டு எங்கும் போகாமல், நிழலற்ற வெட்டவெளியிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் அனுமன் உப்புக்கொத்தி என்ற ஒரு சின்னஞ்சிறு பறவை இங்கே இருக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய உடல், மணல் நிற முதுகு, வெள்ளை வயிறு, கழுத்தின் இருபுறமும் முன்பக்கம் கூடாமல் நின்றுவிடும் கறுப்புப் பட்டை, தலைக்குப் பெரிதான கறுத்த கண்கள். சிறிது தூரம் ஓடி, சட்டென்று நின்று, குனிந்து எதையோ கொத்திவிட்டு மீண்டும் ஓடும். உப்புக்கொத்திகள் இரையைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பவை. உள்ளான்களைப் போலச் சேற்றுக்குள் அலகைச் செருகித் துழாவுபவை அல்ல. நின்று பார்ப்பதும் ஓடிக் கொத்துவதும் அதனால்தான். உப்பங்கழி ஈக்கள், சிறு நண்டுகள், புழுக்கள் ஆகியவையே அதன் உணவு.

அண்மைக்காலம் வரை இதை எல்லோரும் கென்ட் உப்புக்கொத்தி என்றே எழுதிவந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியா வரை பரவிய அந்தப் பறவையின் தென்னிந்திய, இலங்கைக் கிளையினமாக இதை 1915இல் பறவையியலாளர்களான ஹார்ட்டர்ட்டும் ஆனி ஜாக்சனும் விவரித்திருந்தார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்னவும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் உடல் அளவுகளையும் இறகமைப்பையும் மரபணுக்களையும் ஒப்பிட்டு, இது தனி இனமே என்று 2023இல் ஐபிஸ் ஆய்விதழில் நிறுவினார்கள். இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் இடையிலுள்ள சேது மணல்திட்டுகளின் இரு கரையிலும் வாழ்கிறது என்பதால் அனுமன் உப்புக்கொத்தி என்ற பெயர் அதற்கு அமைந்தது. இராமர் பாதம் என்று நாம் வணங்கும் மணல்மேடு இருக்கும் ஊரில் அந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை.

தனி இனம் என்று ஆனது வகைப்பாட்டு ஆர்வலர்களுக்கு மட்டும் உரிய செய்தி அல்ல. கென்ட் உப்புக்கொத்தி கண்டங்கள் தாண்டிப் பரவியிருப்பதால், அதன் மொத்த எண்ணிக்கையை வைத்துப் பார்க்கும்போது அழியும் அபாயம் பெரிதாகத் தெரிவதில்லை. நம் கரையில் நூறு கூடுகள் அழிந்தாலும் அந்தப் பெருங்கணக்கில் அது ஒரு துளி. இப்போது நிலைமை வேறு. தென்னிந்தியாவின் கடலோரமும் இலங்கையின் உலர் கரைகளும்தான் இந்தப் பறவைக்கு உலகம். இங்கே இழந்தால், ஈடு செய்ய வேறு எங்கிருந்தும் வராது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலேயே அந்தப் பறவை கடந்த நூற்றாண்டில் கூடு வைப்பதை நிறுத்திவிட்டது என்பதை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். முட்டை சேகரிப்பவர்களும் கடற்கரையில் பெருகிய மனித நடமாட்டமும் அதற்குக் காரணங்கள்.

கூடு என்று சொல்லத்தக்க கட்டுமானம் எதுவும் இதற்குக் கிடையாது. ஆண் பறவை மார்பை மணலில் அழுத்தி, கால்களால் பின்னோக்கிப் பறித்து, ஆழமில்லாத குழிகள் சிலவற்றை ஆக்கிவைக்கும். அவற்றுள் ஒன்றில் பெண் பறவை இரண்டோ மூன்றோ முட்டை இடும். சிப்பித் துண்டுகளும் சிறு கற்களும் காய்ந்த சருகும் அந்தக் குழியில் சேரும். முட்டைகள் மங்கிய மணல் நிறத்தில், கறுத்த கீறல்களும் புள்ளிகளுமாக இருப்பதால், இடம் தெரிந்து பார்க்கிறவருக்கும் ஒருமுறை கண்ணை எடுத்துவிட்டால் மறுபடி தேட வேண்டியிருக்கும். அடும்பங்கொடி படர்ந்த இடத்துக்கும் இராவணன் மீசைப் புதருக்கும் சற்று விலகி, நாலாபுறமும் பார்வை எட்டும் இடத்தையே அது தேர்ந்தெடுக்கும். நரியும் கீரியும் காகமும் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் முன்கூட்டியே கண்டு, முட்டையை விட்டுச் சத்தமில்லாமல் ஓடி விலகுவதுதான் அதன் முதல் பாதுகாப்பு. அடைகாக்கும் பறவை கூட்டிலிருந்து பறந்து எழுவது அரிது. நெடுந்தூரம் ஓடிய பிறகே பறக்கும், அல்லது சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு எதிரியைத் தன் பின்னால் அழைத்துச் செல்லும்.

அடைகாத்தல் ஏறக்குறைய நான்கு வாரம் நடக்கிறது. அதை வெறும் அடைகாத்தல் என்று சொல்வது எனக்குப் போதவில்லை. குளிர்நாட்டுப் பறவை முட்டைக்குச் சூடு கொடுக்க உட்காருகிறது. இந்தக் கரையின் உப்புக்கொத்தியோ கோடை நண்பகலில் முட்டையைச் சூட்டிலிருந்து காக்க நிற்கிறது. மணலின் மேற்பரப்பு 50 பாகை செல்சியசைத் தாண்டும் நேரத்தில், முட்டைகளின் மேல் கால்களை ஊன்றி, இறகுகளைச் சிலிர்த்து, தன் உடலையே நிழலாக்கி, அலகைத் திறந்து இளைத்தபடி அது நிற்கும். வயிற்று இறகுகளை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விப்பதும் இந்த உப்புக்கொத்திக் குடும்பத்தின் வழக்கம். பகலில் பெரும்பாலும் பெண்ணும் இரவில் பெரும்பாலும் ஆணும் அமர்வது என்ற முறை வெப்பம் மிகுந்த கரைகளில் சற்று மாறி, நண்பகலில் இரண்டும் அடிக்கடி இடம் மாற்றிக்கொள்கின்றன. இந்த ஏற்பாட்டில் உள்ள நெருக்கடியைப் புரிந்துகொண்டால், முட்டையை மிதிப்பது மட்டும்தான் தீங்கு என்ற எண்ணம் போய்விடும். யாரோ ஒருவர் கூட்டுக்குச் சற்று தள்ளி, உச்சி வெயிலில், நல்ல எண்ணத்தோடு நின்று பேசிக்கொண்டிருந்தாலே போதும். பறவை திரும்பி வர அஞ்சும், உள்ளே வளரும் கரு வெந்துவிடும்.

குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்திலேயே ஓடத் தொடங்கிவிடும். தாய் தந்தை அவற்றுக்கு ஊட்டுவதில்லை. இரை இருக்கும் ஈரத்துக்கு நடத்திச் சென்று, சூட்டிலும் குளிரிலும் தம் உடலுக்கு அடியில் ஒடுக்கிக்கொண்டு, ஆபத்து வரும்போது குரல் கொடுப்பதே தாய் தந்தையின் வேலை. பறக்கக் கற்க மேலும் ஒரு மாதம் ஆகும். அந்த மாதத்தில் வண்டித் தடம் ஒன்று குறுக்கே கிடந்தால், அதன் பள்ளத்துக்குள்ளேயே குஞ்சு பதுங்கிவிடும். இயற்கை கற்றுக்கொடுத்த பதுங்கல், மோட்டார் சைக்கிளுக்கும் டிராக்டருக்கும் உதவாது.

கடற்கரையை அடுத்து, இந்தப் பறவைக்கு உப்பளமும் வீடு. அகஸ்தியம்பள்ளி, வேதாரண்யம் பக்கத்து அளங்களில் பாத்திகளுக்கு இடையிலுள்ள அகலமான வரப்புகளிலும், உப்பு எடுக்காமல் விட்ட காய்ந்த பாத்திகளிலும் அது முட்டையிடுகிறது. ஒரு கோடையில் அளத்து வரப்பில் நடந்துகொண்டிருந்தபோது, உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் தூரத்திலிருந்தே கையசைத்து, “அந்தப் பக்கம் போவாதீங்க தம்பி, வரப்போரம் குருவி முட்ட வச்சிருக்கு” என்றார். அந்த இடத்தில் ஒரு பனைமட்டையை நட்டுவைத்திருந்தார்கள். வேலை செய்கிறவர்கள் அதைப் பார்த்து விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுத்த பாதுகாப்புத் திட்டம் அல்ல அது. 1967இல் சரணாலயமாகவும் 2002இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தலமாகவும் அறிவிக்கப்பட்ட நிலத்தின் ஓரத்தில், அறிவிப்புப் பலகை எட்டாத இடத்தில், அந்தப் பனைமட்டைதான் கூட்டைக் காத்துக்கொண்டிருந்தது.

எனக்கு மிகுந்த கவலை தருவது நரியோ காகமோ அல்ல, வெற்று மணலைக் கண்டால் அதை வீணான நிலம் என்று எண்ணும் நம் பழக்கம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் கரை பட்ட துயரம் சொல்லில் அடங்காது. அதன் பிறகு உயிரைக் காக்க மரம் வேண்டும் என்ற எண்ணம் எழுந்ததில் பிழையும் இல்லை. ஆனால் அந்த எண்ணத்தின் பேரில் கடல் தொட்டுவிடும் தூரம் வரை சவுக்குக் கன்றுகள் நடப்பட்டபோது, மரமே இல்லாமல் இருந்த மணல்வெளிகள் தோப்புகளாயின. சவுக்கு நிழலில் அடும்பும் இராவணன் மீசையும் படர்வதில்லை. காற்றில் நகர்ந்து தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் மணல்மேடு நின்றுபோகிறது. முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கும் இடம் குறுகுகிறது. உப்புக்கொத்திக்கு நேர்வது இன்னும் நேரடியானது. காகமும் பருந்தும் உட்கார்ந்து வேவு பார்க்க மரம் கிடைத்துவிடுகிறது, பறவைக்கோ நாலாபுறமும் பார்க்கும் வெளி போய்விடுகிறது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யத்தைப் புரட்டிப்போட்ட பிறகும், நடுவோம் என்ற குரல்தான் முதலில் எழுந்தது. அலையாத்தி வளரும் முத்துப்பேட்டைச் சேற்றில் அலையாத்தியை நடுவது வேறு. மரம் இல்லாமலேயே ஆயிரமாண்டு இருந்த மணலில் சவுக்கை நடுவது வேறு.

மணலும் முன்போல் வந்து சேர்வதில்லை. 1934இல் மேட்டூர் அணை எழுந்ததிலிருந்து காவிரி கொண்டுவரும் மணலில் பெரும்பகுதி மேலேயே தங்கிவிடுகிறது. கொள்ளிடத்தில் அள்ளப்படுவதும் கடலுக்குப் போகவேண்டிய மணல்தான். பூம்புகாரிலும் தரங்கம்பாடியிலும் கடல் உள்ளே வரும்போது கருங்கல் கொட்டுகிறோம். கல்லுக்கும் சவுக்குக்கும் நடுவே மிஞ்சும் கீற்றில்தான் படகும் வலையும் மனிதரும் நாயும் உப்புக்கொத்தியும் இருக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் மணல்மேடுகளும், ஆமைகள் முட்டையிடும் இடங்களும், பறவைகள் கூடு வைக்கும் இடங்களும் மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் பிரிவில் வருகின்றன. மர நடவுக்குக் குழி தோண்டுவதற்கு முன், கோடையில் ஒருமுறை அந்த மணலை நடந்து பார்த்துக் கூடுகளைக் குறித்துக்கொள்வது அந்தப் பிரிவுக்குக் கொடுக்கும் குறைந்தபட்ச மதிப்பு. கலிபோர்னியாவின் கோல் ஆயில் பாயிண்ட் கரையில், இதன் உறவினமான பனி உப்புக்கொத்தி பல பத்தாண்டுகளாகக் கூடு வைக்காமல் இருந்தது. ஒரு கயிற்று வேலியும், அதன் அருகில் நின்று வருகிறவர்களிடம் பேசும் தன்னார்வலர்களும் வந்த காலத்திலிருந்து, 2001 முதல், அங்கே மீண்டும் குஞ்சு பொரித்துவருகிறது. நம்மிடம் ஆமை முட்டைகளைக் காக்க இரவில் கரை நடக்கும் காவலர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்கள் இனம் பெருக விசைப்படகுகளைக் கரையில் நிறுத்தும் பழக்கமும் இந்தக் கரைக்கு உண்டு. தொழிலையே நிறுத்திவைக்கும் அந்தப் பெரிய விட்டுக்கொடுப்போடு ஒப்பிட்டால், அதே மாதங்களில் ஒரு சில மணல்வெளிகளைக் கயிறு கட்டி ஒதுக்குவது மீனவக் கிராமங்களிடம் கேட்கக்கூடாத ஒன்றல்ல.

கோடையில் இந்தக் கரைக்கு வருகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அலை நனைக்கும் ஈர மணலிலேயே நடங்கள். கூடுகள் எப்போதும் அலை எட்டாத மேட்டில்தான் இருக்கும். நாயை அழைத்து வந்தால் கட்டியே வையுங்கள். சிறகு ஒடிந்ததுபோல் ஒரு சிறு பறவை உங்கள் முன் தடுமாறினால், முட்டையோ குஞ்சோ அருகில் இருக்கிறது என்று பொருள். படம் எடுக்க நிற்காமல், வந்த காலடித் தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.